செப்டம்பர் தண்ணீர்

அந்தக் கோடையில் ஆல்டர் குளோஸ் தெரு வீடுகளின் புல்தரைகள் எல்லாம் முறுகிய ரொட்டித் துண்டின் நிறத்துக்கு வந்துவிட்டன. எல்லாவற்றையும்விட நன்றாக முறுகியது நெவில் கேட்டர்மோலுடையது. போன வருஷம்வரை சஃபோக் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அந்த மாதிரி ஒரு பச்சைப் புல்தரை கிடைக்காது என்று நெவில் சொல்வார். வேறு யாரும் சொல்லி யாரும் கேட்டதில்லை. மறுத்தும் யாரும் பேசியதில்லை. மறுத்தால் அவர் புல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நெவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹேல்ஸ்வொர்த்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் பஸ். வேலையில் இருந்த காலம் முழுக்க எந்த நிறுத்தத்திலிருந்தும் நேரத்துக்கு முன்னால் கிளம்பியதில்லை. ஓடி வருகிறவர்களுக்காகக் காத்து நின்றதும் இல்லை. கர்ப்பிணியோ பாதிரியாரோ, கடிகாரம் சொன்னால் கதவை மூடிவிடுவார். ஒரே ஒரு ஆளுக்காகத்தான் நின்றிருக்கிறார். செருப்புக் கடையில் வேலை பார்த்த க்ளெண்டா. ஈரத் தலையோடு, ஒரு கையில் கோட்டோடு ஓடி வருவாள். ஏறியதும் பஸ் முழுக்க லாவண்டர் மணக்கும். குளிக்கிற தண்ணீரில் லாவண்டர் உப்பு போட்டுக் குளிக்கிற பழக்கம் அவளுக்கு. ‘ஓட்டுநருடன் பேசாதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, அடுத்தடுத்து ஏறுகிற ஒவ்வொருவரின் குரலையும் அவர் காதோரம் செய்து காட்டுவாள். கசாப்புக் கடைக்காரர் மனைவி சில்லறை கேட்பது, பாதிரியார் தும்முவது, டிப்போ மேலாளர் திட்டுவது. நெவில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். அப்படித்தான் கல்யாணம் ஆயிற்று.

பஸ் போன பிறகு புல்தரை வந்தது. அளந்து வெட்டுவார். ஒரு பட்டை வெளிர்ப்பச்சை, ஒரு பட்டை கரும்பச்சை என்று துணிக்கடைத் துணி மாதிரி கோடு விழும். கோடு கோணினால் திரும்ப வெட்டுவார். சாயங்காலம் புல்லோரத்துப் பெஞ்சில் இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். நெவில் அன்றைய புல் நிலவரம் சொல்வார். க்ளெண்டா கேட்பாள். கேட்டாளா என்று நெவில் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஜூலையில் தண்ணீர்க் கம்பெனி ஹோஸ் பைப்புக்குத் தடை போட்டது. ஹோஸ்தான் கூடாது, குழாயில் பிடித்துப் பூவாளியால் ஊற்றலாம், தப்பில்லை. நெவிலுக்கு அது போதவில்லை. முன்பக்கச் சன்னலில் ஒரு அட்டை எழுதி ஒட்டினார்: ‘இந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் மண்ணைத் தொடாது.’ கேட்கிறவர்களிடமெல்லாம், “சட்டம்னா எழுத்து மட்டும் இல்லைங்க, அதுக்கு ஒரு மனசு இருக்கு” என்று சொன்னார். ஒரே வாரத்தில் குளோஸில் பாதிப் பேர் அந்த வரியை அவர் குரலிலேயே சொல்லக் கற்றுக்கொண்டார்கள். மூக்கை லேசாகத் தூக்கி, ‘மனசு’ என்ற இடத்தில் பிரேக் போடவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அட்டை ஒட்டியவரிடம் தண்ணீர் இல்லாமல் இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு பெரிய பச்சை டிரம் நிறைய மழைத்தண்ணீர் இருந்தது. குளிர்காலமும் வசந்தமும் கூரையிலிருந்து இறங்கி நிறைந்தது. செப்டம்பரில் புல்தரையை இரும்புப் பல் வைத்த கவையால் குத்தி ஓட்டை போட்டு, செத்த புல்லை வாரி எடுத்து, புது விதை தூவி, அதன் மேல் ஊற்றுவதற்கென்று வைத்திருந்தார். டிரம் குழாய்களுக்குப் பூட்டுகூட மாட்டியிருந்தார்.

ஒருநாள் க்ளெண்டா ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

“நெவில், மொய்ராவோட மரம் வாடுது.”

“எல்லா மரமும்தான் வாடுது.”

“அது சின்னது. வெச்சு இது மூணாவது கோடைதான். இப்பவே இலை மஞ்சளாகி உதிருது. டிரம்லேர்ந்து ரெண்டு பூவாளி எடுத்துக்கறேன்.”

“அது செப்டம்பர் தண்ணி.”

“இப்ப ஜூலை.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

க்ளெண்டா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டிரம்மைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

மொய்ரா பக்கத்து வீட்டுக்காரி. க்ளெண்டாவின் உயிர்ச் சிநேகிதி. இரண்டு பேருமாக நடுவிலிருந்த செடிவேலியில் ஒரு இடைவெளி வெட்டிச் சின்னக் கதவே வைத்துக்கொண்டவர்கள். மொய்ரா தன் கடைசி வசந்தத்தில் பின்தோட்டத்தில் ஒரு பிர்ச் கன்று நட்டாள். வெள்ளைப் பட்டை, காசு காசாக இலை. அந்தக் குளிர்காலமே போய்விட்டாள். இப்போது அந்த வீட்டில் அவள் புருஷன் ரோலண்ட் பெட்டிட் மட்டும்.

நெவிலின் பிரச்சினை ரோலண்ட். ரோலண்டுக்குச் செடி எது, களை எது என்று தெரியாது. ஆனால் தேவாலயப் பாட்டுக் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். “பால் தீந்துபோச்சு” என்று சொன்னால்கூட யாரோ பெரியவர் இறந்த செய்தி மாதிரி கம்பீரமாக இருக்கும். வைக்கோல் தொப்பி வேறு.

க்ளெண்டா வழி கண்டுபிடித்துவிட்டாள். தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு, தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு, நடுவேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தாள். மண்ணைத் தொட்டது குளித்த தண்ணீர், குழாய்த் தண்ணீர் இல்லை. சன்னல் அட்டைக்கும் பங்கமில்லை.

ஒரு வாளி ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? நெவில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். இரண்டு கோப்பை டீ. அவருடையதைக் குடித்தார். அவளுடையது ஆறி, மேலே ஆடை கட்டியது. செடிவேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு பேச்சு. என்ன பேச்சு என்று பிரியவில்லை. பிறகு சிரிப்பு. முதலில் க்ளெண்டா ஏதோ தாழ்ந்த குரலில் சொல்வாள், அப்புறம் ரோலண்ட் வெடித்துச் சிரிப்பார், அப்புறம் அவளும். நெவிலுக்கு முன்னால் அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகிறது. எவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவு வராததுதான் இன்னும் எரிந்தது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். “க்ளெண்… டா” என்று ரோலண்ட் கூப்பிடுவதை மட்டும் தெளிவாகக் கேட்க முடிந்தது. பேரை நடுவில் நிறுத்தி, அடியில் ஒரு மணி அடித்து, மெல்ல இறக்குவார். நெவில் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானும் சொல்லிப் பார்த்தார். “க்ளெண்… டா.” அடுத்த நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கிற மாதிரி வந்தது.

அதைவிடப் பெரிய அடி குளியலறையில் காத்திருந்தது. ஒருநாள் கை கழுவப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஏதோ குறைந்தது. என்ன என்று முதலில் புரியவில்லை. லாவண்டர் இல்லை. அலமாரியில் உப்புப் பொட்டலம் மேலே கிளிப் போட்டபடி அசையாமல் இருந்தது. துண்டில் மூக்கை வைத்துப் பார்த்தார். வெறும் துண்டு.

“நீ இப்பல்லாம் உப்பு போடறதில்லையா?” என்றார் சமையலறைக்கு வந்து.

“எதுல? முட்டையிலயா?”

“குளிக்கிறதுல.”

“அதுவா. மரத்துக்கு ஆகாது. கடல் உப்பு வேரைப் பொசுக்கிடுமாம், ரேடியோல சொன்னாங்க. சோப்புகூடக் கொஞ்சமாத்தான்.” அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஏன்?”

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இருந்த வாசனை. பஸ்ஸில் ஏறிய வாசனை. அதை அந்த ஆள் வீட்டு மரத்துக்காக விட்டுவிட்டாள், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

“ஒண்ணுமில்ல,” என்றார் நெவில். “ஜாம் இருக்கா?”

மறுநாள் அவரும் களத்தில் இறங்கினார். “நானும் தொட்டியில குளிக்கிறேன். அந்தத் தண்ணியும் மரத்துக்கு ஆகுமே. நானே தூக்கிட்டுப் போறேன்.”

“நீ ஷவர்ல குளிக்கிறவனாச்சே.”

“மாத்திக்கக் கூடாதா?”

குளித்தார். முழங்கால் மடங்கி மாட்டிக்கொண்டு, எழுந்திருக்க வழியில்லாமல், கடைசியில் துண்டு ஸ்டாண்டைப் பிடித்து எழுந்ததில் ஸ்டாண்டு கையோடு வந்தது. சட்டை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது க்ளெண்டா அவர் தண்ணீரை மொண்டு முடித்திருந்தாள். அவள் தண்ணீர் வழக்கம்போல வேலிக் கதவைத் தாண்டிப் போயிற்று. அவர் தண்ணீர் தக்காளித் தொட்டிக்குப் போயிருந்தது.

“தக்காளிக்கா ஊத்தின?”

“தக்காளி எதையும் தாங்கும்,” என்றாள் க்ளெண்டா.

அன்று இரவுச் சாப்பாட்டில் நெவில் தக்காளியைத் தொடவில்லை.

இப்படியே ஆகஸ்டு பிறந்தது. வானம் ஒரு பொட்டு மேகம் இல்லாமல் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. ஒருநாள் சாயங்காலம் க்ளெண்டா நிரம்பிய வாளியைப் பின்வாசல் படியில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து லோஸ்டாஃப்டிலிருந்து அவள் தங்கை போனில் கூப்பிட்டாள். தங்கை கூப்பிட்டால் சீக்கிரம் விடமாட்டாள்.

நெவில் படியில் நின்று வாளியைப் பார்த்தார். மாடிக்குப் போனார். பொட்டலத்தோடு இறங்கி வந்தார். முதலில் ஒரு கைப்பிடிதான் நினைத்தார். அப்புறம் செடிவேலிக்கு அந்தப் பக்கம் ரோலண்ட் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பது கேட்டது. பொட்டலத்தைக் கவிழ்த்துவிட்டார். பாதிக்கு மேல் போயிற்று. குச்சியால் கலக்கினார். உப்பு கரைந்து, தண்ணீர் பழையபடி கலங்கல் தண்ணீராக, ஒன்றும் தெரியாததுபோல் நின்றது. பொட்டலத்தை அலமாரியில் கிளிப் மாட்டி வைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

க்ளெண்டா வந்தாள், வாளியைத் தூக்கினாள், போனாள். எத்தனையோ வருஷமாக அதிலேயே ஊறியவள். அவள் மூக்குக்கு லாவண்டர் தனியாகத் தெரியாது. நெவில் வாசனையைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது அவருக்கு உறைத்தது.

“அடடா, க்ளெண்… டா,” என்றது அடிக்குரல். “இன்னைக்கு என்ன இப்படி மணக்கறீங்க. லாவண்டரா?”

“நானா? ஒண்ணும் போடலையே.”

“பொய் சொல்லாதீங்க. தோட்டமே மணக்குது. கண்ணை மூடினா பிரான்சுல இருக்கற மாதிரி இருக்கு.”

நெவில் பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டில் தனக்கே கிடைக்காத வாசனையை, தன் கையாலேயே கலக்கி, வாளி நிறைய அந்த ஆள் மூக்குக்கு அனுப்பிவைத்திருக்கிறார். இதற்கு மரத்தை விட்டுவிட்டு ரோலண்டுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்திருக்கலாம்.

அன்று அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. க்ளெண்டா சீக்கிரமே திரும்பினாள். வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். பெஞ்சைத் தாண்டி, அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் முடிவதற்குள் பிர்ச் மரத்தின் இலை ஓரங்கள் பொசுங்கின. யாரோ நெருப்புக்குச்சியை வைத்து ஒவ்வொரு இலையாகச் சுற்றி வந்தது போல. பிறகு கொட்ட ஆரம்பித்தது. செடிவேலிக்கு மேலே நெவிலுக்கே தெரிந்தது: வெள்ளைக் குச்சிகள், உச்சியில் மட்டும் கொஞ்சம் பச்சை. இதைத்தானே வேண்டினார். ஆனால் சாயங்காலம் க்ளெண்டா பெஞ்சுக்கு வரவில்லை. சமையலறை மேசையில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“டீ ஆறுது,” என்றார் நெவில் வாசலில் நின்று.

“மொய்ரா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா,” என்றாள் க்ளெண்டா. “ஆஸ்பத்திரியில. ரோலண்டைப் பாத்துக்கன்னு கேக்கல. ‘அவன் எப்படியும் டோஸ்ட் தின்னு பொழைச்சுக்குவான், மரத்தைப் பாத்துக்க’ன்னா.” மொய்ராவின் கரகரத்த குரல் அப்படியே வந்தது. வந்த வேகத்தில் உடைந்தது. “மண்ணுல என்னவோ ஆயிருக்கு, நெவில்.”

அவர் டீக் கோப்பையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நெவில் ஊருக்கு வெளியே இருக்கும் செடி நர்சரிக்குப் போனார். கல்லாவில் ஷீனா இருந்தாள். எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள், வங்கி மேலாளரைக்கூட.

“என் நண்பர் ஒருத்தர்,” என்று தொடங்கினார் நெவில், மூக்கை லேசாகத் தூக்கி. “அவர் ஒரு பிர்ச் மரத்துக்குத் தண்ணி ஊத்தினார். வாளியில தெரியாம உப்பு விழுந்துடுச்சு.”

“எவ்வளவு உப்பு, கண்ணு?”

“கை தவறி விழுந்ததுதான்.”

“கை எவ்வளவு பெரிசு?”

நெவில் பக்கத்திலிருந்த கையுறைகளின் விலையைப் படிக்க ஆரம்பித்தார்.

“சரி, விடுங்க,” என்றாள் ஷீனா. “உப்பு மண்ணுல நிக்குது. அதக் கழுவிக் கீழ தள்ளணும். ஒரே அடியா ஊத்தினா மேலாப்புல ஓடிப் போயிடும், பிரயோசனமில்ல. வாளிகளுக்கு அடியில ஆணியால ஓட்டை போட்டு மரத்தைச் சுத்தி வைக்கச் சொல்லுங்க. தண்டுகிட்ட வேணாம், கிளை முடியுது பாருங்க, அதுக்கு நேர் கீழ. சொட்டுச் சொட்டா ஆழமா இறங்கட்டும். வாளி காலியாக ஆக ரொப்பிட்டே இருக்கணும். டிரம் கணக்குல வேணும். உங்க நண்பர்கிட்ட அவ்வளவு தண்ணி இருக்கா?”

“இருக்கு. ஆனா அது புல்தரைக்குன்னு செப்டம்பருக்கு வெச்சிருக்கார்.”

“செப்டம்பர்ல மழை பெய்யும், கண்ணு. புல்லுக்கு என்ன, அது சாகல, தூங்குது. மிதிக்காம, வெட்டாம, உரம் கிரம் போடாம சும்மா விட்டா தானா எந்திரிக்கும். மரம் தூங்கினா எந்திரிக்காது.”

க்ளெண்டா தங்கையைப் பார்க்க லோஸ்டாஃப்டுக்குப் போகும் நாள் வரை பொறுத்திருந்தார். அவள் ஏறிய பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியதா என்று பார்த்துவிட்டு வந்து டிரம் பூட்டைத் திறந்தார். வீட்டிலிருந்த வாளி, ஷெட்டிலிருந்த வாளி, பழைய பெயின்ட் டப்பா, எல்லாவற்றுக்கும் அடியில் ஆணி அடித்தார். வேலிக் கதவைத் தள்ளினார். அந்தக் கதவு வழியாக அவர் போவது அதுதான் முதல் தடவை, தலை இடித்தது. பெண்கள் உயரத்துக்கு வைத்தது.

ரோலண்ட் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்து டோஸ்ட் தின்றுகொண்டிருந்தார்.

“நெவில். என்ன இது?”

“மரத்துக்கு.”

“என்கிட்ட ஹோஸ் இருக்கே. சட்டுனு முடிஞ்சிடும்.”

“தடை.”

“யாரு பாக்கப் போறா?”

“நான்,” என்றார் நெவில்.

ரோலண்ட் வாயில் டோஸ்டோடு சிரித்துவிட்டார். இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க. அப்படியே இருக்கு. நேர்லயும் நீங்க அப்படியேதான் பேசறீங்க.”

“எப்படி?”

“க்ளெண்டா பண்ற மாதிரியே. தினமும் சாயங்காலம் உங்களைப் பண்ணிக் காட்டுவாங்க. ‘அது செப்டம்பர் தண்ணி.’ ‘சட்டத்துக்கு ஒரு மனசு இருக்கு.’ அப்புறம் நீங்க குளியல் தொட்டியிலேர்ந்து எந்திரிச்சது. துண்டு ஸ்டாண்டோட.” ரோலண்ட் டோஸ்டைத் தட்டில் வைத்தார். “மொய்ரா போனதுக்கப்புறம் நான் வாய்விட்டுச் சிரிச்சதே அதுக்குத்தான்.”

நெவில் கையில் வாளியோடு நின்றார். வாளியடியிலிருந்து செப்டம்பர் தண்ணீர் அவர் பூட்ஸில் சொட்டியது.

“பண்ணிக் காட்டுங்க,” என்றார்.

“எனக்கு வராதுங்க. அது அவங்க பண்ணணும்.”

வாளிகளை வட்டமாக வைத்தார். நிரப்பினார். காலியானதும் திரும்பப் போனார். வேலிக் கதவில் இன்னும் இருமுறை தலை இடித்தது. நடந்துகொண்டே இருந்தார், மனதில் பொறாமையும் கூடவே நடந்தது. ஆனால் அது இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது. சிரிப்புக்கு அந்த ஆள் காரணமில்லை, அவரேதான் காரணம். அவர் குரல்தான் அந்தப் பக்கம் போய்ச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தது. கேட்கக் கொடுத்துவைத்தவர் மட்டும் ரோலண்ட். அந்தக் காலத்தில் அவள் குரல் செய்து காட்டியதெல்லாம் ஒரே காதுக்குத்தான். ஊரே அந்தக் காதுக்குள் ஏறி இறங்கியது. அவள் எப்போது நிறுத்தினாள்? புல் வந்த பிறகா? பெஞ்சில் அவர் புல் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பேச எங்கே இடம் இருந்தது? ஓட்டுநருடன் பேசாதீர் என்று அவரே பலகை மாட்டிவிட்டாரா?

மத்தியானத்துக்குள் முதல் டிரம் காலியாயிற்று. சாயங்காலத்துக்குள் இரண்டாவதும். அடியில் இருந்த கறுத்த இலைச் சேற்றையும் சுரண்டி ஊற்றினார்.

க்ளெண்டா வந்து பைகளை இறக்கிவைத்தாள். செடிவேலிக்கு மேலே பார்த்தாள். ஷெட்டுக்குப் பின்னால் போய் டிரம்மை ஒரு தட்டுத் தட்டினாள். மணி மாதிரி கேட்டது.

“செப்டம்பர் தண்ணி எங்க?”

“போயிடுச்சு.”

“எங்க?”

“அந்தப் பக்கம்.” நெவில் தன் பூட்ஸைப் பார்த்தார். “இனி தினமும் வாளி வேணாம். வாரத்துக்கு ஒருதடவை, மெதுவா, நிறைய. தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா வேர் மேலயே நின்னு பழகிடுமாம்.”

“யாரு சொன்னா?”

“பொதுவாச் சொல்றாங்க.”

அவள் பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பெஞ்சுக்கு வரவில்லை.

ஆகஸ்டு கடைசியில் மழை வந்தது. முதலில் தூசியில் அம்மைத் தழும்பு போட்ட மாதிரி நாலு துளி, பிறகு விடாமல் இரண்டு நாள். செப்டம்பர் நடுவில் பிர்ச் மரத்தின் குச்சி நுனிகளில் சின்னதாக, பிசுபிசுப்பாகப் புது இலை விட்டது. வசந்தம் என்று நினைத்துக்கொண்டது போலும். கீழ்க் கிளைகளில் இரண்டு மட்டும் திரும்பவில்லை. நெவிலின் புல்தரையும் ஷீனா சொன்னபடி தானாக எழுந்தது, ஆனால் கோடு கோடாக இல்லை. இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு சொட்டை, நடுவில் நட்ட மாதிரி டான்டலியன் களை. நெவில் கவையை எடுத்து ஓட்டை போட்டார். விதை தூவினார். வானத்திலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வந்தது. புல்வெட்டியை வெளியே எடுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. முதலில் லாவண்டர் வந்தது. அப்புறம் ஈரத் தலையோடு க்ளெண்டா. பக்கத்தில் உட்கார்ந்து தன் டீயை எடுத்துக்கொண்டாள். நெவில் புல்லைப் பார்த்தார். சொல்ல நிறைய இருந்தது. சொட்டை, திட்டு, டான்டலியன். ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

க்ளெண்டா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மூக்கை லேசாகத் தூக்கினாள்.

“என் நண்பர் ஒருத்தர்,” என்றாள், அவர் குரலில். “வாளியில தெரியாம உப்பு விழுந்துடுச்சு.”

நெவிலின் கோப்பை பாதி வழியில் நின்றது.

“கை எவ்வளவு பெரிசு, கண்ணு?” இது ஷீனா. அப்புறம் க்ளெண்டா கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, கையுறை விலையைப் படிக்கிற நெவிலானாள். ஒரு வார்த்தைகூட இல்லை. நெவில் உதட்டைக் கடித்தார். பஸ் ஓட்டியபோது உதவிய பழக்கம் இப்போது உதவவில்லை. டீ மூக்கில் ஏறியது. சிரிப்பு அடங்கப் பார்க்கும்போதெல்லாம் அவள் துண்டு ஸ்டாண்டைக் கொண்டுவந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எப்பத் தெரியும்?” என்றார்.

“ரோலண்ட் மணக்குதுன்னு சொன்ன அன்னைக்கே. மாடிக்குப் போய்ப் பொட்டலத்தைத் தூக்கிப் பாத்தேன். நண்பர் கதையை அப்புறம் ஷீனாவே சொன்னா.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா சண்டைதான் வரும். டிரம்மைத் திறக்கறியான்னு பாத்தேன்.” க்ளெண்டா டீயைக் குடித்தாள். “நீ திறந்துட்டன்னு ரோலண்ட் போன்ல சொன்னார். இல்லேன்னா நான் லோஸ்டாஃப்டுலேர்ந்து திரும்பி வந்திருக்க மாட்டேன். ரெண்டு பை கொண்டு போனேன், பாக்கலையா நீ? கடிகாரத்தைப் பாத்திருப்ப.”

நெவிலுக்கு அந்தப் பைகள் இப்போதுதான் நினைவுக்கு வந்தன. அவர் நிஜமாகவே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செடிவேலிக்கு அந்தப் பக்கம் ரோலண்ட் எதையோ பாடிக்கொண்டிருந்தார். பிர்ச் மரத்தின் புது இலைகள் காற்றில் சின்னச் சின்னதாக ஆடின. நெவில் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

“இந்த ஷீனா கதையை அவருக்குப் பண்ணிக் காட்டினியா?”

“இன்னும் இல்ல.”

“காட்டாத.”

க்ளெண்டா அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஈரத் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

“அது செப்டம்பர் தண்ணி,” என்றாள், அவர் குரலில், அவர் காதோரம்.